சோம்பல் அல்ல, தோழர்களே!

"ஜனங்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள்" என்று ஒரு குரல் நாடெங்கும் கேட்கிறது. நடப்பதில்லை, ஓடுவதில்லை, விளையாடுவதில்லை. அதனால்தான் இளம் வயதிலேயே சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் வருகின்றன என்று உபதேசம் செய்கிறார்கள். உபதேசிகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மந்திரிகள் இருக்கிறார்கள், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு தொழிலாளியின் தொந்தியைப் பற்றிக் கவலைப்படும் கனவான்களும் இருக்கிறார்கள்.

இந்த உபதேசத்தில் பாதி உண்மை, பாதி பொய். உடம்பை அசைக்காதவனை நோய் தேடி வரும் என்பது உண்மை. மக்கள் அசையாமலிருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்பது பொய். உண்மையோடு சேர்த்து விற்கப்படும் பொய் ஆபத்தானது. ஆகவே அதைப் பிரித்துப் பார்ப்போம்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் கேட்பது என்ன? வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்புக்கு மிதமான வேலை கொடுக்க வேண்டும் என்பதுதான். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 22 நிமிடம். வேகமாக நடந்தாலே போதும். காசு வேண்டாம், கருவி வேண்டாம். அப்படியிருந்தும் 2022-ம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2024-ல் வெளியிடப்பட்ட உலகளாவிய கணக்கின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த அளவு அசைவுகூட இல்லை.

பாதி தேசம் சோம்பேறியா? நாம் கேட்கிறோம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு கட்டி, பஸ்ஸில் தொங்கி, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் இந்த நாட்டு மக்களைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

லண்டன் நகரத்துப் பஸ் தொழிலாளிகளின் கதை ஒன்று உண்டு. நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர், அந்நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953-ல் முடிவை வெளியிட்டார். ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. ஏன்? டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். தபால்காரர்களையும் தபால் இலாகாவில் உட்கார்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே விடை கிடைத்தது. நடந்து கடிதம் கொடுத்தவர்களின் இருதயம் நன்றாக இருந்தது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குள் இருக்கும் இன்னொரு செய்தியை யாரும் சொல்வதில்லை. டிரைவர் சோம்பேறியா? இல்லை, அவருடைய பிழைப்பு அவரை ஆசனத்தில் கட்டிப் போட்டது. கண்டக்டர் சுறுசுறுப்பின் திலகமா? இல்லை, அவருடைய பிழைப்பு அவரைப் படியேற்றியது. யார் உடம்பு அசைய வேண்டும், யார் உடம்பு அசையாதிருக்க வேண்டும் என்பதை வேலை முறை தீர்மானித்தது. மனிதனுடைய குணத்தைக் குற்றம் சொல்லுமுன் அவன் வாழ்க்கை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இங்கே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எழுந்து நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்: "அப்படியானால் நான் பாக்கியவான் அல்லவா? காலை முதல் மாலை வரை உடம்பு அசைகிறது. எனக்கு எதற்கு விளையாட்டு?"

தோழரே, உமது கேள்விக்கும் விடை இருக்கிறது. அது கசப்பான விடை. டென்மார்க் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2021-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் ஓடியாடியவர்களுக்கு இருதய நோய் குறைந்தது. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ அது குறையவில்லை; அதிகமாகவே இருந்தது. லண்டன் கண்டக்டர் ஏறினார், இறங்கினார், இடையிடையே நின்றார். மூட்டை தூக்குபவருக்கு நிற்க ஏது நேரம்? மணிக்கணக்கில் இருதயம் அடித்துக்கொண்டே இருக்கிறது. இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது. வலித்த தோளிலேயே மறுநாளும் சுமை ஏறுகிறது. விளையாட்டிலோ இளைத்தால் நிற்கலாம்; மூச்சு வாங்கினால் உட்காரலாம்; நாளை வராமலும் இருக்கலாம். வேகத்தை நிர்ணயிப்பது யார் என்பதில்தான் வித்தியாசம். சுமையின் வேகத்தை மேஸ்திரி நிர்ணயிக்கிறார். ஆட்டத்தின் வேகத்தை நாமே நிர்ணயிக்கிறோம்.

இந்த "நாமே" என்ற சொல்லில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. மனிதனை மைதானத்துக்கு அழைத்து வருவது எது? பயமா? டாக்டர் பயமுறுத்தியதால் நடக்கத் தொடங்கியவர் எத்தனை பேர் என்று நம் தெருவிலேயே கணக்கெடுத்துப் பார்க்கலாம். முதல் வாரம் புதுச் செருப்போடு நடப்பார். மூன்றாம் வாரம் செருப்பு மூலையில் கிடக்கும். பயத்தில் தொடங்கியது பயம் தெளிந்ததும் நின்றுபோகிறது.

மனோதத்துவ அறிஞர்கள் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் சொல்லும் முடிவு நமக்கு எளிதில் புரியக்கூடியது. ஒரு காரியத்தை மனிதன் விடாமல் செய்ய வேண்டுமானால் மூன்று தேவை. ஒன்று, அது தன் விருப்பம், தன் முடிவு என்ற உணர்வு. இரண்டு, தனக்கு அது கைவருகிறது, நேற்றைவிட இன்று தேறியிருக்கிறோம் என்ற தெம்பு. மூன்று, கூட நாலு பேர் இருக்கிறார்கள், தான் வராவிட்டால் தேடுவார்கள் என்ற ஒட்டுறவு. விருப்பம், தெம்பு, ஒட்டுறவு: இந்த மூன்று ஊற்றும் சுரந்தால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

பரிசும் பணமும் இந்த ஊற்றுக்களைப் பெருக்குமா? டெசி 1971-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர்களிடம் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு சாராருக்கு, புதிரை விடுவித்தால் காசு. பிறகு காசை நிறுத்திவிட்டார். காசு வாங்கிப் பழகியவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது முன்னைவிடக் குறைந்துபோயிற்று. முதலில் வேடிக்கையாக இருந்தது, கூலி வந்ததும் வேலையாகிவிட்டது. கூலி போனதும் வேலையும் போய்விட்டது! (இதைப் படித்துவிட்டு, "கூலி கொடுக்காவிட்டால் தொழிலாளி உற்சாகமாக உழைப்பான்" என்று எந்த முதலாளியும் மனப்பால் குடிக்க வேண்டாம். இது விளையாட்டைப் பற்றிய பேச்சு. வயிற்றைப் பற்றிய பேச்சல்ல.)

சரி, மூன்று ஊற்றுக்கள் என்றோம். ஊற்று சுரக்க நிலம் வேண்டும். விருப்பம் இருந்தாலும் நேரம் இல்லாதவன் என்ன செய்வான்?

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை உலகத்துக்குப் புதிதல்ல. 1817-லேயே ராபர்ட் ஓவன் ஒரு நாளை மூன்று கூறாக வகுத்துக் காட்டினார்: எட்டு மணி உழைப்புக்கு, எட்டு மணி பொழுதுபோக்குக்கு, எட்டு மணி ஓய்வுக்கு. வேலைக்குரிய எட்டும் உறக்கத்துக்குரிய எட்டும் நமக்கு நினைவிருக்கின்றன. நடுவில் இருக்கும் எட்டை நாம் மறந்துவிட்டோம்; மறக்கடிக்கப்பட்டோம். தொழிலாளி மனிதனாக வாழ்வதற்கென்று கேட்ட நேரம் அது. படிக்க, பாட, குழந்தையைக் கொஞ்ச, விளையாடக் கேட்ட நேரம்.

அந்த நேரம் கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சரித்திரம் சொல்கிறது. இங்கிலாந்தில் 1850-ம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதித்தது. அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. அதன் பிறகு என்ன ஆயிற்று? அந்நாட்டுத் தொழிலாளிகள் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்பதே அங்கே கால்பந்து ஆட்டத்தின் நேரமாயிற்று. யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. சங்கு ஊதியது, கதவு திறந்தது, வந்துவிட்டார்கள்!

1878-ல் மான்செஸ்டர் நகரத்து ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ஒரு கால்பந்துக் குழு அமைத்தார்கள். அதுதான் 1902-ல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. 1886-ல் சிகாகோ தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சிந்திய இரத்தத்தை மே தினம் நினைவூட்டுகிறது. அதே 1886-ல் லண்டனுக்குப் பக்கத்தில் உல்விச் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளிகள் சில்லறைக் காசு திரட்டிப் பந்து வாங்கி ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் ஆர்சனல். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் இரவு விழித்துப் பார்க்கும் இந்தக் குழுக்கள் இன்று கோடீஸ்வரர்களின் சொத்து. ஆனால் அவற்றைப் பெற்றெடுத்தவன் பட்டறைக் கரி படிந்த கையுடைய தொழிலாளி. பெற்ற பிள்ளையைப் பணம் தூக்கிக்கொண்டு போயிற்று!

நம் நாட்டில்? 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றினார். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால் வரம்பை உடைக்க ஆசைப்படுவோர் ஓயவில்லை. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியதை மறந்துவிட்டோமா? தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே முதல் நாளன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. அன்று காப்பாற்றப்பட்டது சம்பளம் மட்டுமா? நடு எட்டு மணி நேரமும் அல்லவா காப்பாற்றப்பட்டது! பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவனிடம் போய், "தோழா, கபடிக்கு வா" என்றால் அவன் சிரிப்பானா, அழுவானா?

நேரத்துக்கு அடுத்தபடி இடம். ஒவ்வொரு ஊரிலும் பெரியவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள்: "அதோ, அந்தக் கட்டிடம் இருக்கிறதே, அங்கேதான் நாங்கள் பந்தாடினோம்." பொட்டலெல்லாம் மனையாயிற்று. இப்போது செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். டர்ஃப் என்று பெயர். பத்துப் பேர் பணம் போட்டால் ஒரு மணி நேரம் ஆடலாம். பணம் போட முடியாத பதினோராவது பையன் வலைக்கு வெளியே நின்று பார்க்கலாம். அவனுக்கு உற்சாகம் இல்லையா? கால் துடிக்கிறது; கம்பி தடுக்கிறது. அவன் செல்போனை எடுத்து உட்கார்ந்ததும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளே சோம்பேறிகள்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்!

இதுவரை மற்றவர்களைக் கேட்டோம். இனி நம்மையே கேட்டுக்கொள்வோம்.

முதல் கேள்வி: பெண்கள் எங்கே? மேலே சொன்ன கணக்கில் இன்னொரு விவரமும் உண்டு. போதிய உடலசைவு இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42 பேர். பெண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் சோம்பேறிகளா? மாலையில் நாம் மைதானத்துக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தை நமக்குக் கொடுத்தது யார்? வீட்டில் அடுப்பின் முன்னால் நிற்கிறாரே, அவர்தான். தமது நடு எட்டையும் சேர்த்து நமக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். வேலை நேரத்தைக் குறைக்க முதலாளியிடம் போராடும் தோழர், தம் வீட்டில் ஒருவருக்கு வேலை நேரமே முடிவதில்லை என்பதை உணர வேண்டாமா? வாரத்தில் மூன்று மாலை பாத்திரத்தை நாம் கழுவுவோம். அவர் நடந்துவிட்டு வரட்டும். குடி முழுகிப் போகாது.

இரண்டாவது கேள்வி: ஒட்டுறவு என்றோமே, அது யாரோடு? பல்வங்கர் பாலு என்ற ஒப்பற்ற பந்துவீச்சாளர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைச் சீர்செய்யும் வேலை பார்த்து, அவர்களுக்கு வலையில் பந்து வீசியே தேர்ச்சி பெற்றார். இந்துக்களின் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வீசும் பந்து வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர்! 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார் அவர். அப்பேர்ப்பட்டவரை இந்துக் குழுவின் தலைவராக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அந்தத் தலைமை கிடைத்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? நம் கிராமங்களில் இன்றும் "தெருவுக்கு ஒரு அணி" என்கிறார்களே, அந்தத் தெரு எந்தத் தெரு என்று நமக்குத் தெரியாதா? இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் நின்று, ஒரே செம்பில் தண்ணீர் குடித்து ஆடாத வரையில், அங்கே ஒட்டுறவு என்ற ஊற்று அடைபட்டே கிடக்கிறது.

மூன்றாவது கேள்வி கட்சி ஊழியர்களுக்கு. கசந்தாலும் சொல்லியாக வேண்டும். நாம் விளையாட்டுக்குச் செய்வது என்ன? ஆண்டுக்கு ஒருமுறை போட்டி, தலைவர் பெயரில் சுழற்கோப்பை, தெருவை அடைக்கும் பதாகை, ஒலிபெருக்கி, பரிசளிப்பில் மாலைகள். மறுநாள் காலை அந்த மைதானத்தில் யார் ஆடுகிறார்கள் என்று எந்த ஊழியராவது போய்ப் பார்த்ததுண்டா? ஒருவரும் இல்லை! பந்தல்காரர் மூங்கில் பிடுங்கிக்கொண்டிருப்பார். கோப்பைக்காக வந்தவர்கள் கோப்பையோடு போய்விட்டார்கள். ஆடத் தெரிந்த பதினைந்து பேர் ஆடினார்கள். ஆட ஆசைப்பட்ட ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். இதற்குப் பெயர் விளையாட்டு வளர்ச்சியா?

போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போட்டி திருவிழா, தினசரிச் சோறு வேறு. அந்தத் தினசரிச் சோற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்கிறோம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

ஒரு கிளைக்கு ஒரு பந்து வாங்குங்கள். என்ன ஆட விருப்பம் என்று அந்தப் பகுதி மக்களையே கேளுங்கள். நீங்கள் தீர்மானித்து அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஷிப்டு முடியும் நேரத்தை அறிந்து ஆட்ட நேரத்தை வையுங்கள். ஆடத் தெரியாதவனை முதலில் சேருங்கள்; தெரிந்தவனை அவனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தப்பாக ஆடினால் சிரிக்கும் கூட்டத்தில் எவனும் இரண்டாம் முறை காலடி வைக்கமாட்டான். ஐம்பது வயதுத் தோழருக்குப் பந்து ஒத்துவராது. அவர் நாலு பேரோடு நடக்கட்டும், நடையோடு நாட்டு நடப்பும் பேசட்டும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். ஆயிரம் சுவரொட்டி செய்யாததை அந்த விசாரிப்பு செய்யும்.

இதோடு ஊரில் பொது நிலம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். கிராம சபையிலும் நகரசபையிலும் குடிநீருக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கிறோம். அதே பட்டியலில் மைதானத்தையும் விளக்கையும் எழுதுங்கள். பெண்கள் அச்சமின்றி நடக்க வெளிச்சம் வேண்டும் என்று எழுதுங்கள். தொழிற்சங்கக் கோரிக்கைப் பத்திரத்தில் ஓவர்டைம் கூலியோடு, ஓவர்டைம் கட்டாயமில்லை என்ற வரியையும் சேருங்கள்.

மக்கள் சோம்பேறிகள் என்று சொல்பவர்களுக்கு நமது பதில் ஒன்றுதான். அவர்களுக்கு நேரத்தைக் கொடுங்கள், இடத்தைக் கொடுங்கள், சமமாக நிற்கும் உரிமையைக் கொடுங்கள். பிறகு பாருங்கள், யார் சோம்பேறி என்று!

கொடுப்பார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். உல்விச் தொழிலாளிகள் காத்திருக்கவில்லை. கையிலிருந்த காசைப் போட்டுப் பந்து வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கிளைக் கூட்டம் முடிந்ததும் கலைந்து போகாதீர்கள், தோழர்களே! வெளியே வெளிச்சம் இன்னும் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டுங்கள். தெருவில் நிற்கும் பையன்களையும் கூப்பிடுங்கள். எல்லாத் தெருப் பையன்களையும் கூப்பிடுங்கள்!